நடிக்காம இருங்க, அண்ணி

அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் கண்டக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நலத்துறை அலுவலகத்திலிருந்து முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றோம். நோயாளியும் நீங்களும் இருக்கணும்" என்றது ஒரு பெண் குரல். நோயாளி எங்கே போய்விடப் போகிறார்? மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவர் கடைசியாகப் படி ஏறியதே ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தபோதுதான். ஆனாலும் கண்டக்டரம்மா "கண்டிப்பா இருப்போம், கண்டிப்பா இருப்போம்" என்று இரண்டு தடவை சொன்னார். போனை வைத்த கையோடு துடைப்பத்தை எடுத்தார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கண்டக்டரம்மா எழுபதைத் தாண்டியவர். ஒரு தனியார் பஸ் கம்பெனியில், பெண் கண்டக்டரைக் கண்டால் ஜனங்கள் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்த காலத்திலிருந்து, தோளில் தோல் பையை மாட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தவர். பென்ஷன் என்று ஒன்றும் கிடையாது. வேலையை விட்ட அன்று கம்பெனி கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். அதுவும் அடுத்த வருஷமே ஓடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பையன் வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

நோயாளி, புருஷனுடைய அக்கா. கண்டக்டரம்மா கூப்பிடுவது "அண்ணி" என்று. பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர். கல்யாணமே செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூட மைதானத்தையே கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள். நாற்பது வருஷமாக இந்த நாத்தனாருக்கும் கண்டக்டரம்மாவுக்கும் எலியும் பூனையும்தான். "போயும் போயும் பஸ்ல சீட்டுக் கிழிக்கிறவளா கிடைச்சா என் தம்பிக்கு?" என்று கல்யாணத்தன்றே எல்லோர் காதிலும் விழும்படி கேட்டவர் அவர். வீட்டுக்கு வந்தால் கண்டக்டரம்மா மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். "அவளுக்கு ஒரு வேலையும் ஒழுங்காத் தெரியாது" என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கண்டக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் நாத்தனார் வாங்கிய கோப்பையில் வெங்காயம் போட்டு வைத்தவர்.

தம்பி இறந்த மறுவருஷம் டீச்சருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் "யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் வேண்டாவெறுப்பாகக் கண்டக்டரம்மாவின் நம்பரைச் சொன்னாராம். "ரெண்டே நாளைக்கு வர்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் இந்த வீட்டுக்குள் வந்தார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை, ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஆறு வருஷத்தையும் அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? "கண்டக்டரம்மா இப்ப சும்மா வீட்லதான் இருக்காங்க" என்பார்கள். சும்மாவாம்! எனக்கு வாயில் நன்றாக வருகிறது. தன்னைவிடக் கனமான ஒரு மனுஷியைக் காலையில் கட்டிலிலிருந்து எழுப்பி, கழிப்பறை நாற்காலியில் உட்கார்த்தி, குளிப்பாட்டி, துடைத்து, உடுத்தி, மறுபடி கொண்டுவந்து சேர்ப்பது சும்மாவா? அதற்கென்று கண்டக்டரம்மா ஒரு வழியே கண்டுபிடித்திருந்தார். பழைய டிக்கெட் பையின் தோல் வாரை டீச்சரின் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்து, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, "ஹோல்டான்" என்று சொல்லி நிமிர்த்துவார். நின்றதும் "போலாம் ரைட்!" டீச்சர் எரிந்து விழுவார்: "நான் என்ன உன் பஸ்ஸா?" "பஸ்ஸுன்னா டிரைவர் ஓட்டிடுவாரு அண்ணி, உங்கள நான்ல தள்ளணும்" என்பார் இவர்.

தள்ளித் தள்ளிக் கண்டக்டரம்மாவின் வலது தோள்பட்டை போய்விட்டது. இனிமேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் பையன் காதுக்கு எட்டியது. "அம்மா, நீங்க இங்க வந்துடுங்க. அத்தைய ஒரு நல்ல ஹோம்ல சேத்துடலாம், நான் இடம் பாத்துட்டேன். ரெண்டு மாசத்துக்கு மேல அவங்க அந்த இடத்தைப் பிடிச்சு வெக்க மாட்டாங்க" என்றான். பையன் கெட்டவன் இல்லை. அம்மாவின் தோள் அவனுக்குக் கவலை. ஆனால் அது டீச்சர் காதிலும் விழுந்தது. அன்று முழுக்க அவர் யாரையும் எதற்கும் திட்டவில்லை. கண்டக்டரம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் அந்தச் செய்தியைச் சொன்னார். வீட்டிலேயே நோயாளியைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிற வயதானவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறதாம். "நீங்க செய்யறதும் வேலைதாம்மா" என்றார். கண்டக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நாத்தனாரைக் குளிப்பாட்டினால் சம்பளமா! ஆனால் படியேறி வருவதற்குள் சிரிப்பு நின்று, மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அந்தப் பணம் வந்தால் காலையில் தூக்கி இறக்க ஓர் ஆளை வைக்கலாம். ஆள் இருந்தால் தோள் பிழைக்கும். தோள் பிழைத்தால் அண்ணியை எங்கேயும் அனுப்ப வேண்டாம்! வீட்டுக்குள் நுழைந்ததும் மூச்சிரைக்க இதைத்தான் சொன்னார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "குடுத்தா வாங்கிக்கோ, எனக்கென்ன" என்றார். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வலது கையை உடனே நீட்டினார்.

சரி, அதிகாரி வரப்போகிற காலைக்கு வருவோம். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வீட்டைக் கண்ணாடி மாதிரி வைக்க வேண்டாமா? கண்டக்டரம்மா விடியும் முன்பே எழுந்து தரையைத் தேய்த்தார். மருந்து பாட்டில்களை எல்லாம் அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினார். ஈரம் படாமல் இருக்க மெத்தையில் போடும் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தார். கழிப்பறை நாற்காலியைப் பால்கனிக்குக் கடத்திப் போர்வை போட்டு மூடினார். மேலே ஒரு பூந்தொட்டி வேறு! மருந்து வாடை தெரியக்கூடாது என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து மூலைக்கு மூலை வைத்தார்.

டீச்சர் மட்டும் சளைத்தவரா? "அந்த நீல டிராக் சூட்டை எடு" என்றார். பள்ளிக்கூடத்தின் கடைசி விளையாட்டு விழாவுக்குப் போட்டது. அதைப் போட்டு முடிப்பதற்குள் கண்டக்டரம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. "ஷூ" என்றார் டீச்சர். ஷூவும் ஆயிற்று. "மேஜை பக்கமா என்னை நிறுத்து. உக்காந்துக்கிட்டே ஒரு ஆபீசரை வரவேற்கறதா?"

அதிகாரி சின்ன வயசுப் பெண். ஸ்கூட்டரைக் கீழே விட்டுவிட்டு ஹெல்மெட்டும் கையுமாகப் படியேறி வந்தார். உள்ளே நுழைந்ததும் "வணக்கம்!" என்று ஒரு குரல். மைதானத்தின் மறு கோடிக்கே கேட்கும் குரல். நீல டிராக் சூட்டில், நெஞ்சை நிமிர்த்தி, வலது கையால் மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றார் நம் டீச்சர்.

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"பரவாயில்ல, நின்னே பழகிப்போச்சு. நீங்க உக்காருங்க."

அதிகாரி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். குளிக்கிறதெல்லாம் எப்படி? "தினமும் குளிப்பேன்" என்றார் டீச்சர். சாப்பாடு? "நல்லாச் சாப்பிடுவேன்." யாராவது கூட இருந்து கவனிக்க வேண்டியிருக்கா? டீச்சர் கண்டக்டரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "இவ தனியா இருக்காளே, பாவம்னுதான் நான் துணைக்கு வந்து இருக்கேன்."

கண்டக்டரம்மா வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் திறந்தார். வெளியே வந்ததென்னவோ, "எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கோம். டீ குடிக்கிறீங்களா?" என்பதுதான். வீட்டுக்கு வந்தவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதுவும் அண்ணி எதிரிலேயே, அண்ணி நிமிர்ந்து நிற்கும்போது எப்படிச் சொல்வது? அதிகாரி டீயைக் குடித்தார், எழுதிக்கொண்டார், "இந்த வயசுல ரெண்டு பேரும் இப்படி இருக்கறதப் பாக்கவே சந்தோஷமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கீழே ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் வரை டீச்சர் நின்றார். சத்தம் தெருமுனை தாண்டியதும், "ஏய்... பிடி" என்றார். கண்டக்டரம்மா பாய்ந்து பிடித்தார். இரண்டு பேரும் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சரின் முகமெல்லாம் வியர்வை. ஆனால் ஜெயித்த முகம். "எப்படி நின்னேன் பாத்தியா?" என்றார். கண்டக்டரம்மாவும் சந்தோஷமாகத் தலையாட்டினார். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்!

அடுத்த வாரம் போனில் குறுஞ்செய்தி வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் மருந்துக்கடைக்காரர்தான் படித்தார். நோயாளிக்குப் பிறர் பராமரிப்பு தேவைப்படும் நிலை இல்லை, ஆகவே உதவித்தொகை இல்லை. மருந்துக்கடைக்காரர் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, ஆய்வுக்கு வந்தவங்கள விருந்துக்கு வந்தவங்கன்னு நெனச்சீங்களா? கழிப்பறை நாற்காலி மேல பூந்தொட்டியா வெப்பாங்க?" அவரே மேல்முறையீட்டுக்கும் எழுதி, பதில் வர தன் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். "இன்னொரு தடவைதான். இந்தத் தடவை சொல்லாம கொள்ளாம வருவாங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அன்று வீட்டில் நடந்த சண்டையை இரண்டாவது மாடிக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ஆபீசர் முன்னாடி முடியாத மாதிரி நடிக்கச் சொல்றியா என்னை?" என்று கத்தினார் டீச்சர். "செத்தாலும் மாட்டேன்!"

"நடிக்க வேணாம் அண்ணி!" கண்டக்டரம்மாவும் விடவில்லை. "நடிக்காம இருங்க. அது போதும்!"

டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரிடம் கண்டக்டரம்மா ஜெயித்த முதல் சண்டை அது. ஆனால் அந்த வெற்றியை அனுபவிக்க முடியவில்லை. கொஞ்சம் கழித்து டீச்சர் சன்னமாகக் கேட்டார்: "அந்த ஹோம்ல இருந்து மைதானம் ஏதாவது தெரியுமாமா?" கண்டக்டரம்மா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் அமர்க்களம்தான். தட்டும் சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் டீச்சரின் முதுகு நிமிர்ந்துவிடும். "சாயுங்க அண்ணி, சாயுங்க!" என்று கிசுகிசுத்துக்கொண்டே கண்டக்டரம்மா ஓடுவார். வந்தது கேஸ் சிலிண்டர்காரராக இருக்கும். இன்னொரு நாள் தண்ணீர்க் கட்டணக்காரர். அவர் பாவம், கழிப்பறை நாற்காலி, மருந்து, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றையும் காட்டியபடி கண்டக்டரம்மா பேசியதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயின் வலது பாதி மட்டும் சிரித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று என்று கண்டக்டரம்மா நினைத்துப் பார்த்தார். ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

அதிகாரி வந்தது, யாரும் அவரை நினைக்காத நேரத்தில். டீச்சர் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளித்து முடித்திருந்தார். குளிக்கும் நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யாராவது உள்ளே வரவேண்டுமே என்று வாசல் கதவைத் தாழிடுவதில்லை. கண்டக்டரம்மா ஈர உடம்பில் துண்டைச் சுற்றி, அதன் மேல் வாரைக் கட்டி, "ஹோல்டான்" சொல்லித் தூக்கினார். பாதி எழுந்தபோது டீச்சரின் நல்ல கால் சோப்புத் தண்ணீரில் வழுக்கியது. சட்டென்று முழுப் பாரமும் இவர் தோளில் விழ, உள்ளே ஏதோ சொடக்கென்றது. டீச்சர் சுவரில் சாய, கண்டக்டரம்மா டீச்சர்மேல் சாய, அப்படியே நின்றார்கள். முன்னே போகவும் முடியவில்லை, பின்னே வரவும் முடியவில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நலத்துறையிலிருந்து..."

"கதவு திறந்துதான் இருக்கு!" என்று அலறினார் கண்டக்டரம்மா. "உள்ள வாங்க! செருப்போட வாங்க! ஓடி வாங்கம்மா!"

அந்தப் பெண் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். குளியலறை வாசலில் ஒரு நொடி திகைத்து நின்றார். கண்டக்டரம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தப் பழைய குரல் வந்ததோ! "வாரைப் பிடிங்க! அங்க இல்ல, இடுப்புப் பக்கம்! முழங்காலை முட்டுக்குடுங்க! தூக்காதீங்க, சாய்ங்க! ம்... போலாம் ரைட்!" அதிகாரி சொன்னதைச் சொன்னபடி செய்தார். மூன்று பேரும் ஒரே உருவமாக, தட்டுத்தடுமாறி, கூடத்தைக் கடந்து கட்டில் வரை வந்து சேர்ந்தார்கள். டீச்சரைப் படுக்கவைத்துப் போர்த்திய பிறகுதான் அதிகாரிக்கு ஹெல்மெட் நினைவே வந்தது.

டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். அதிகாரி ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தினமும் இப்படித்தானாம்மா?"

இப்போதாவது ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதானே? இல்லை! அண்ணியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்குவதைக் கண்டக்டரம்மா பார்த்துவிட்டார். அவ்வளவுதான், வாய் தன் போக்கில் ஓடியது. "இல்லம்மா, இன்னைக்குத்தான் இப்படி. மத்த நாள்ல அவங்களே எழுந்து, அவங்களே..."

"நிறுத்துடி!"

டீச்சர் கண்ணைத் திறந்திருந்தார்.

"பொய் சொல்றா. நம்பாதீங்க. எழுதிக்கோங்க" என்றார். "என்னால எழுந்திரிக்க முடியாது. குளிக்க முடியாது. பட்டன் போட முடியாது. அன்னைக்கு உங்க முன்னாடி நின்னது நான் இல்ல, என் திமிரு. நீங்க போனதும் விழுந்தேன், இவதான் பிடிச்சா. ராத்திரியில மூணு தடவை கூப்பிடுவேன், மூணு தடவையும் எழுந்து வருவா. சில நாள் வேணும்னே நாலாவது தடவை கூப்பிடுவேன். வர்றாளான்னு பாக்க. அதுக்கும் வருவா."

கண்டக்டரம்மா திக்குமுக்காடிப் போனார். "அவங்களுக்கு முதுகு வலிம்மா, அதான் கூப்பிடறாங்க..."

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர் அதிகாரியிடம். "இப்பவும் எனக்குத்தான் பரிஞ்சு பேசறா. இவளுக்கு ஒரு வேலையும் தெரியாதுன்னு நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன். இவளுக்குத் தெரியாத ஒரே வேலை, தனக்குன்னு கேக்கறது."

நாற்பது வருஷமாக அந்த வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தவர் கண்டக்டரம்மா. இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். வந்தபோதோ, கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. துண்டை எடுத்து அண்ணியின் ஈரத் தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டார்.

அதிகாரி எழுதி முடித்து நிமிர்ந்தார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"வழுக்காத மாதிரி ஒரு ரப்பர் விரிப்பு கிடைச்சா..."

"அது அவங்களுக்கு. உங்களுக்கு?"

கண்டக்டரம்மா யோசித்தார். துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரையும் எங்கே இறங்கணும் என்று கேட்பது கண்டக்டர் வேலை. கண்டக்டரை அப்படி யாரும் கேட்டதில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"தூக்கம்" என்றார் டீச்சர். "அவளுக்குத் தூக்கம் வேணும். எழுதுங்க."

அதையும் எழுதிக்கொண்டு போனார் அந்தப் பெண். செய்தி வந்த அன்று மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஓடி வந்தார். "கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சும்மா!" இரண்டாவது மாடிக்காரர்கள்கூடக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். கண்டக்டரம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார், வலிக்கிற தோளாலேயே. டீச்சர் கட்டிலிலிருந்து, "எல்லாரும் எதுக்கு வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வாங்க!" என்று கூப்பிட்டார்.

தூக்கி இறக்க வாட்டசாட்டமான ஒரு பெண்மணி வேலைக்கு வந்தார். முதல் நாள் கண்டக்டரம்மா அவர் பின்னாலேயே சுற்றிச் சுற்றி, "முழங்காலை முட்டுக்குடு, இன்னும் கொஞ்சம்" என்று உயிரை எடுத்தார். டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் படு" என்று விரட்டினார். சும்மா ஐந்து நிமிஷம் என்று போய்ச் சாய்ந்தவர்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து கால்மேல் ஏறியது, இடுப்பு வரை வந்தது, அதுகூடத் தெரியவில்லை.

போன் அடித்தது. அடித்த வேகத்தில் டீச்சர் எட்டி எடுத்துவிட்டார். பையன்தான்.

"அத்தையா? அம்மா எங்க?"

"தூங்கறா."

"இந்த நேரத்துலயா? உடம்புக்கு என்ன?" பதறிவிட்டான்.

"ஒண்ணும் இல்லடா. தூங்கறா." டீச்சர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்த ஹோம்காரங்ககிட்ட இடம் வேணாம்னு சொல்லிடு. உங்கம்மா எழுந்ததும் பேசச் சொல்றேன். இப்ப வெச்சுடறேன், சத்தம் கேட்டு முழிச்சுக்கப் போறா."